கணினிக் கடிகாரம் நேரத்தைத் தொலைப்பது ஏன்? பேட்டரியும் பேட்டரி அல்லாதவையும்

கணினியை அணைத்துப் போட்டால் மறுமுறை நேரம் தவறாகக் காட்டுகிறது என்று பழுதுபார்க்கும் கடையில் சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் ‘சிமாஸ் பேட்டரி போயிருக்கும்’ என்று, மதர்போர்டில் இருக்கும் சிறு பேட்டரியைக் குறிப்பிட்டுப் பதில் வந்துவிடும். பல நேரங்களில் அந்தப் பதில் சரியாகவே அமைந்துவிடுவதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் புது பேட்டரி போட்டு ஒரு வாரம் கழித்தும் அதே கோளாறு தொடரும்போது, அடுத்து மதர்போர்டையே மாற்றச் சொல்வதும், அதற்கும் துணியாதவர்கள் தினமும் கையால் நேரத்தைத் திருத்திக்கொண்டே காலம் தள்ளுவதும் வழக்கமாகிவிடுகின்றன. கடிகாரம் எவ்வளவு தவறுகிறது, எந்தத் தருணத்தில் தவறுகிறது என்ற இரண்டையும் முதலில் குறித்துக்கொண்டால், பெட்டியின் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அதற்கு, கணினிக்குள் இருப்பது ஒரு கடிகாரம் அல்ல, இரண்டு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மதர்போர்டில் இருக்கும் வன்பொருள் கடிகாரம் ஒன்று. கணினி இயங்கும்போது இயங்குதளம் தன் நினைவகத்தில் ஓட்டும் மென்பொருள் கடிகாரம் மற்றொன்று. திரையின் மூலையில் நாம் பார்ப்பது இரண்டாவதை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்பவரைப் போல, விண்டோஸோ லினக்ஸோ தொடங்கும் வேளையில் வன்பொருள் கடிகாரத்தை ஒருமுறை படித்துக்கொள்கிறது. அதன்பின் செயலியில் உள்ள எண்ணிகளைக் கொண்டு தன் கணக்கைத் தானே ஓட்டுகிறது. ஆகவே மறுதொடக்கத்துக்குப் பின் நேரம் தவறுகிறது என்றால், முதலாவது கடிகாரம் தவறான நேரத்தை வைத்திருந்திருக்கலாம், சரியான நேரத்தையே வைத்திருந்தும் இரண்டாவது அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம், அல்லது சரியாகப் படித்த நேரத்தைப் பின்னர் வேறொரு மென்பொருள் கலைத்திருக்கலாம். பேட்டரிக்குச் சம்பந்தம் உள்ளது இவற்றில் முதலாவதற்கு மட்டுமே.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் இந்த வன்பொருள் கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதன் இயங்குதளமான டாஸ் தேதியையும் நேரத்தையும் கேட்கும். தட்டச்சு செய்யாமல் விட்டால் அது 1980 ஜனவரி 1 என்றே எடுத்துக்கொள்ளும். 1984இல் வந்த பிசி ஏடி என்னும் கணினியில்தான் மோட்டோரோலாவின் எம்சி146818 என்னும் சில்லு இடம்பெற்றது. அதில் இருந்த 64 பைட்டுகளில் 14 கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போக, மீதி 50 பைட்டுகளில் கணினியின் அடிப்படை அமைப்புகள் சேமிக்கப்பட்டன. சிமாஸ் என்ற பெயர் நிலைத்தது அந்தச் சில்லு செய்யப்பட்ட தொழில்நுட்பத்தின் பெயரால். இன்று தனிச் சில்லு இல்லை. மதர்போர்டின் முதன்மைச் சில்லுத் தொகுதியான சிப்செட்டுக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. ஆயினும் மென்பொருளின் பார்வையில் அது இன்றும் அந்த 1984ஆம் ஆண்டுச் சில்லைப் போலவே நடந்துகொள்கிறது. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கடிகாரத்தின் இதயம் ஒரு சிறிய குவார்ட்ஸ் கிரிஸ்டல். வினாடிக்கு 32,768 முறை அதிர்வது அதன் வேலை. அந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு என்பதால், பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது. இத்தகைய கிரிஸ்டலின் துல்லியம் பொதுவாகப் பத்து லட்சத்தில் இருபது பங்கு என்ற அளவில் இருக்கும். அதாவது நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் வினாடி வரை, மாதத்துக்கு ஏறக்குறைய 50 வினாடி வரை முன்னோ பின்னோ போகலாம். சூடு கூடினாலும் குறைந்தாலும் இது சற்று மாறும். மாதம் ஒரு நிமிடம் தவறும் கணினியைப் பழுதானது என்று யாரும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நாளுக்குப் பத்து நிமிடம் தவறினால் அது வேறு கதை.

மின்சாரம் இல்லாத நேரத்தில் இந்தக் கிரிஸ்டலையும் அதன் எண்ணியையும் ஓட்டுவதற்குத்தான் அந்தக் காசு வடிவப் பேட்டரி. பெரும்பாலான மதர்போர்டுகளில் இருப்பது சிஆர் 2032: இருபது மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், மூன்று வோல்ட், ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு. கடிகாரம் உறிஞ்சுவது சில மைக்ரோ ஆம்பியர்களே. மூன்று மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக் கணக்கிட்டால் 73,000 மணி நேரம், அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. பேட்டரி தானாகவே மெல்லச் சக்தி இழப்பதையும் பெட்டிக்குள் இருக்கும் சூட்டையும் சேர்த்தால் இது குறையும்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. கணினி அணைந்திருந்தாலும், சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, பவர் சப்ளை ஐந்து வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கடிகாரம் அதிலிருந்துதான் ஓடுகிறது. பேட்டரியைத் தொடுவதே இல்லை. சுவர் சுவிட்சை அணைத்தாலோ, வேலை முடிந்ததும் யூபிஎஸ்ஸை நிறுத்திவிட்டுப் போனாலோதான் பேட்டரி வேலைக்கு வருகிறது. நம் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இரவில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது ஒழுக்கமாகவே கருதப்படுவதால், பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இங்கேதான் அதிகம். இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது. சுவர் சுவிட்சைத் தொடாமல் கணினியை ரீஸ்டார்ட் மட்டும் செய்து பார்க்க வேண்டும். அப்போதும் நேரம் தவறினால் குற்றம் பேட்டரியுடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஏனெனில் அந்த ஒரு நிமிடத்தில் கடிகாரத்துக்கு மின்சாரம் நிற்கவே இல்லை. இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் கிடந்த பிறகு மட்டும் தவறினால் பேட்டரியைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த சோதனை பயாஸ் திரை, அதாவது இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே மதர்போர்டின் அமைப்புகளைக் காட்டும் திரை. கணினி தொடங்கும்போது டெலீட், எஃப் 2 போன்ற விசையை அழுத்தி அதற்குள் நுழைந்தால் அங்கே தெரியும் நேரம் வன்பொருள் கடிகாரத்தினுடையது. இயங்குதளம் இன்னும் அதைத் தொட்டிருக்காது. அங்கே நேரம் சரியாக இருந்து, உள்ளே போனபின் தவறாக இருந்தால், பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. சிக்கல் மென்பொருளில்.

அத்தகைய சிக்கல்களில் இந்தியாவிலும் இலங்கையிலும் அடிக்கடி காணக் கிடைப்பது, நேரம் மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறுவது. ஒரே கணினியில் விண்டோஸையும் உபுண்டு போன்ற ஒரு லினக்ஸையும் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது சந்தித்திருப்பார்கள். வன்பொருள் கடிகாரத்தில் மணியும் நிமிடமும் உண்டே தவிர, அது எந்த ஊரின் நேரம் என்ற குறிப்பு எங்கும் இல்லை. அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. நேர மண்டலம் என்ற கருத்தே இல்லாத டாஸ் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸோ, அதில் இருப்பது உலகப் பொதுநேரமான யூடிசி என்று கொண்டு, ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் திரையில் காட்டுகிறது. காலை பத்து மணிக்கு உபுண்டுவிலிருந்து வெளியேறினால் அது வன்பொருள் கடிகாரத்தில் 4.30 என்று எழுதிவைத்திருக்கும். உடனே விண்டோஸில் நுழைந்தால் அது அதை அப்படியே அதிகாலை நாலரை என்று காட்டும். விண்டோஸ் இணையத்தில் கேட்டுத் திருத்தி 10.00 என்று எழுதிவிட்டால், அடுத்து உபுண்டு அதன்மேல் ஐந்தரை மணியைக் கூட்டிப் பிற்பகல் மூன்றரை என்று காட்டும். இரண்டு இயங்குதளங்களும் தத்தம் வழியில் சரியாகவே நடந்துகொள்கின்றன, கெட்டுப்போனது எதுவுமில்லை. இந்த நிலையில் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயன் இருக்காது.

தீர்வு, இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவருவது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், நேர மண்டலத் தகவல்கள் இருக்கும் கிளையில் ‘ரியல்டைம்இஸ்யூனிவர்சல்’ என்னும் பெயரில் ஒரு மதிப்பை உருவாக்கி அதற்கு 1 என்று கொடுத்தால், விண்டோஸும் வன்பொருள் கடிகாரத்தை யூடிசியாகக் கொள்ளத் தொடங்கும். எதிர்வழியாக, லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளை மூலம் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லலாம். அது சொன்னபடி செய்துவிட்டு, இது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று ஓர் எச்சரிக்கையும் தரும். அந்த எச்சரிக்கையின் காரணம் நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாடுகளில், இரண்டு இயங்குதளங்களும் ஆளுக்கொரு முறை நகர்த்திக் குழப்பிவிடும் ஆபத்து உண்டு. லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்கள் முதல் வழியையே எடுத்துக்கொள்வது நல்லது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் எதைச் செய்தாலும் ஓடும். ஆயினும் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். இரண்டையும் செய்தால் பழையபடி ஐந்தரை மணி நேரம் எதிர்த்திசையில் தவறும்.

ஐந்தரைக்குப் பதில் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், புதிதாக நிறுவிய விண்டோஸில் அமெரிக்காவின் பசிபிக் நேர மண்டலம் அப்படியே விடப்பட்டிருக்கிறது என்று பொருள். இதில் கையால் நேரத்தை மட்டும் திருத்துபவர்கள் வீணாக அலைவார்கள். மண்டலம் தவறாக இருக்கும்வரை இணையம் வந்ததும் அது மீண்டும் தவறான இடத்துக்கே போய்விடும். அரை மணி நேர வேறுபாடு என்றால் வேறொரு பழைய விஷயம் நினைவுக்கு வருகிறது. இலங்கை 1996இல் தன் நேரத்தை முதலில் யூடிசியிலிருந்து ஆறரை மணி என்றும் பின்னர் ஆறு மணி என்றும் மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அதற்கு முந்தைய மண்டலத் தரவுகளோடு ஓடும் பழைய இயங்குதளம், இணையத்திலிருந்து சரியான யூடிசியைப் பெற்றாலும் கொழும்பு நேரத்தை அரை மணி கூட்டியே காட்டும்.

இனி உண்மையாகவே பேட்டரிக் கோளாறுக்கு வருவோம். அதன் அடையாளம் தெளிவானது: தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய், பெரும்பாலும் அந்த மதர்போர்டின் பயாஸ் எழுதப்பட்ட காலத்தை ஒட்டிய ஓர் ஆண்டின் ஜனவரி முதல் நாளில் நிற்கும். தொடங்கும்போதே சிமாஸ் செக்சம் பிழை என்றோ, தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்றோ கறுப்புத் திரையில் வாசகம் வந்து, தொடர எஃப் 1 அழுத்தச் சொல்லும். இதற்கு முந்தைய கட்டமும் ஒன்று உண்டு. அதில் தேதி அழிவதில்லை. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரம் நின்றுவிடுகிறது. நேற்று இரவு ஒன்பதுக்கு அணைத்த கணினி இன்று காலை ஒன்பதே கால் மணிக்கு எழுந்து, இரவு ஒன்பது மணி என்று காட்டும். பேட்டரியில் மிஞ்சியிருக்கும் மின்னழுத்தம் பதிவுகளைக் காப்பாற்றப் போதுமானதாகவும் கிரிஸ்டலை அதிரவைக்கப் போதாததாகவும் இருக்கும் நிலை இது. கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று சிலர் சொல்வது, கவனித்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பயாஸ் அமைப்புகளை, குறிப்பாக எந்த டிஸ்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும், டிஸ்க் கட்டுப்பாடு ஏஹெச்சிஐ முறையிலா ரெய்டு முறையிலா இருக்கிறது என்பதையும் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியோடு அவையும் அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பினால், கடிகாரத்தைச் சரிசெய்யப் போய் விண்டோஸே தொடங்காத நிலை வரலாம். டிஸ்கில் விண்டோஸின் மறைகுறியாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டு இருந்தால், பயாஸ் அமைப்பு மாறியதைக் கண்டு அது மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்த 48 இலக்க எண் கையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. சில கடைகளில் இதைக் கேட்காமலேயே பேட்டரியைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

மின்கம்பியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட (டிசி) வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் மேல்முகத்திலும் கறுப்பு முனையைப் பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியிலும் தொட்டால் அளவு தெரிந்துவிடும். புதியது மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். லித்தியம் பேட்டரி தன் ஆயுளின் பெரும்பகுதியில் மூன்று வோல்ட்டை ஒட்டியே இருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று சரியும் இயல்புடையது, ஆகவே 2.8க்குக் கீழே கண்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. கடையில் 2032 இல்லை என்று 2025ஐக் கொடுத்தால் வாங்கக் கூடாது. மின்னழுத்தம் ஒன்றுதான், ஆனால் அது 2.5 மில்லிமீட்டர் தடிமனே உள்ளதால் பிடிப்பில் சரியாக அழுந்தாமல், பெட்டியை நகர்த்தும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகும். எல்ஐஆர் என்று தொடங்கும் ரீசார்ஜ் வகையும் கூடாது. அது முழுதாக ஏறினால் 4.2 வோல்ட் வரை போகும். புதிய பேட்டரியும் நிற்கவில்லை என்றால், பிடிப்பின் தகடு துருப்பிடித்திருக்கிறதா, அருகில் இருக்கும் சிமாஸ் அழிப்பு ஜம்பர் என்னும் சிறு இணைப்புத் தொப்பி தவறான முனைகளில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மடிக்கணினிகளில் இதே பேட்டரி இரண்டு கம்பிகளோடு சுருக்குறைக்குள் கட்டப்பட்டு, விசைப்பலகைக்கு அடியிலோ பின்மூடிக்குள்ளோ இருக்கும். புதிய மெல்லிய மாடல்கள் சிலவற்றில் அது அறவே இல்லை. பிரதான பேட்டரியே கடிகாரத்தையும் ஓட்டுகிறது. அத்தகைய கணினியை முழுதும் சார்ஜ் இறங்கவிட்டுப் பல வாரங்கள் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்தால் நேரம் போயிருப்பது இயல்பானதே.

இணையம் இருக்கிறதே, நேரம் தானாகத் திருந்திவிடாதா என்ற கேள்வி எழும். டேவிட் மில்ஸ் வடிவமைத்து 1985இல் ஆவணமாக வெளியிட்ட என்டிபி என்னும் நெறிமுறைதான் இன்றும் கணினிகளின் நேரத்தை ஒத்திசைக்கிறது. ஆனால் அது மிக எச்சரிக்கையாகச் செயல்படும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நேர வேறுபாடு பெரிதாக இருந்தால், தவறு தன்னுடையதா எதிர்முனையில் உள்ள சர்வருடையதா என்று அதனால் முடிவுசெய்ய முடியாது. அதனால் டொமைன் எனப்படும் அலுவலக வலையமைப்பில் சேராத தனிக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவை 54,000 வினாடிக்கு, அதாவது பதினைந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டை இயல்பு அமைப்பில் திருத்த மறுக்கிறது. லினக்ஸிலும் யூனிக்ஸிலும் ஓடும் பழைய என்டிபி சேவை, தனி அனுமதி கொடுத்திருந்தாலன்றி, ஆயிரம் வினாடி வேறுபாட்டிலேயே வேலையை நிறுத்திக்கொள்ளும். பேட்டரி தீர்ந்து 2015க்குப் போன கடிகாரத்தை இவை காப்பாற்றாமல் போவதற்கு இதுவே காரணம். ஒருமுறை ஏறக்குறையச் சரியான தேதியைக் கையால் கொடுத்துவிட்டால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும். பழைய விண்டோஸ் பதிப்புகள் சர்வரைக் கேட்டதும் வாரத்துக்கு ஒருமுறைதான்.

தேதி பின்னால் போன கணினியில் இணையமும் பாதி செயலிழக்கும். 2020 செப்டம்பருக்குப் பின் இணையதளங்களுக்கு 398 நாளுக்கு மேற்பட்ட ஆயுளோடு, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை. எனவே 2015இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு எந்தத் தளத்தின் சான்றிதழும் இன்னும் தொடங்காத ஒன்றாகவே தெரியும், உலாவி எச்சரித்துத் தடுத்துவிடும். அலுவலக வலையமைப்பில் கெர்பரோஸ் முறையில் உள்நுழைபவர்களுக்கு ஐந்து நிமிட வேறுபாடே கதவை அடைத்துவிடும். இந்தியாவில் 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு இணைத்துவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டதும், பதிவேடுகளில் நேரம் பிறழ்ந்தால் எந்தத் தாக்குதல் எப்போது நடந்தது என்று தொடுத்துப் பார்க்க முடியாது என்பதால்தான்.

மிக அரிதாக, எல்லாம் சரியாக இருந்தும் விண்டோஸே நேரத்தைக் கெடுத்த நிகழ்வும் உண்டு. மறைகுறியாக்கிய இணைப்புகள் தொடங்கும்போது எதிர்முனை சர்வர் அனுப்பும் தரவில் நேரத்துக்கென்று ஓர் இடம் உண்டு. அதிலிருந்து ஏறக்குறைய நேரத்தை ஊகித்துக்கொள்ளும் ‘செக்யூர் டைம் சீடிங்’ என்னும் வசதி விண்டோஸ் 10 முதல் சேர்க்கப்பட்டது. நோக்கம் நல்லது, மேலே சொன்ன பதினைந்து மணி நேரச் சிக்கலுக்கு அது விடையாக இருந்திருக்கும். ஆனால் பல சர்வர்களில் ஓடும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறைகுறியாக்க மென்பொருள் அந்த இடத்தில் நேரத்தை வைக்காமல் தற்போக்கு எண்களை நிரப்புகிறது. விளைவாக, சில சர்வர்களின் கடிகாரம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தாவியதாக 2023இல் நிர்வாகிகள் பலர் புகார் செய்தார்கள். தேதி காரணமின்றி முன்னோக்கித் தாவினால் பேட்டரியை விட்டுவிட்டு இந்த வசதியை அணைத்துப் பார்ப்பது தகும். இறந்த பேட்டரி கடிகாரத்தை எதிர்காலத்துக்கு அனுப்புவது வழக்கமில்லை.

ராஸ்பெர்ரி பை போன்ற, ஒரே பலகையில் அடங்கிய சிறு கணினிகளில் நிலைமை மறுபடியும் 1981க்கே திரும்பிவிடுகிறது. 2023இல் வந்த ஐந்தாம் மாடலுக்கு முன் அவற்றில் வன்பொருள் கடிகாரமே இல்லை. அணைக்கும்போது அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, தொடங்கும்போது அதையே படித்துக்கொள்வது அவற்றின் இயங்குதளம் செய்யும் சமாளிப்பு. இணையம் இல்லாத இடத்தில் அது அணைந்திருந்த நேரம் அத்தனையும் கணக்கில் வராமல் போய்விடும். தோட்டத்தில் வெப்பநிலையைப் பதிவுசெய்யவோ கேமராவில் படம் சேமிக்கவோ பயன்படுத்துபவர்கள், டிஎஸ்3231 சில்லு கொண்ட கடிகாரப் பலகையை இணைத்துக்கொள்வது வழக்கம். வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அதன் கிரிஸ்டல், மதர்போர்டுகளில் இருப்பதைவிடப் பல மடங்கு துல்லியமானது. ஐந்தாம் மாடலில் கடிகாரம் இருந்தாலும் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மாட்டாதவர்களுக்குப் பழைய கதைதான்.

பேட்டரி புதிது, ஜம்பர் சரி, மண்டலம் சரி, இயங்குதளம் ஒன்றே ஒன்று, ஆயினும் பயாஸ் திரையிலேயே வினாடி நகராமல் நிற்கிறது என்றால், கிரிஸ்டலோ சிப்செட்டின் கடிகாரப் பகுதியோ பழுதாகியிருக்கிறது. கிரிஸ்டல் மலிவானது, சூடான சால்டரிங் இரும்பைக் கையாளத் தெரிந்தவர் அதை மாற்றிவிடலாம். சிப்செட் என்றால் மாற்றுவதற்கு ஆகும் செலவு பழைய பலகையின் விலையைத் தாண்டிவிடும். அந்த நிலையில், தேதி வேறுபாட்டின் வரம்பை நீக்கி, தொடக்கத்திலேயே இணையத்தில் நேரம் கேட்கும்படி என்டிபி சேவையை அமைத்துக்கொண்டு அதே கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். கணக்கு மென்பொருளைத் திறப்பதற்கு முன் இணையம் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.